ஆப்பிரிக்க வரலாறு: சான்றுகள் யார் கையில்?

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க வரலாறு தனிப் பாடமானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதுவரை அங்கே கற்பிக்கப்பட்டது பேரரசு வரலாறு. எந்த ஆளுநர் எப்போது வந்தார், எந்த ஒப்பந்தத்தில் எந்த எல்லை வரையப்பட்டது, எந்தக் கலகம் எப்படி அடக்கப்பட்டது என்பவையே அதன் உள்ளடக்கம். ஆளப்பட்டவர்கள் வரிப் பட்டியலிலும் குற்றப் பதிவேட்டிலும் மட்டும் தலைகாட்டினார்கள். காலனி அதிகாரிகளுக்குக் கீழை மொழிகளைக் கற்றுத் தருவதற்காக 1916இல் லண்டனில் நிறுவப்பட்ட ஆய்வுப் பள்ளி, ஆப்பிரிக்க வரலாற்றுக்கென்று ரோலண்ட் ஆலிவரை நியமித்தது 1948இல். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் லியோ ஹான்ஸ்பெரி 1922லேயே இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கியிருந்தார். வெள்ளையர் நடத்திய கல்வி உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்ற கருத்துக்கு ஒரு தத்துவப் பரம்பரை உண்டு. பெர்லினில் 1820களில் வரலாற்றுத் தத்துவம் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஹெகல், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவை உலக வரலாற்றுக்கு வெளியே நிறுத்தினார். சுமார் நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1963இல், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹ்யூ டிரெவர்-ரோப்பர் அதே கருத்தை ஓர் உரையில் மீண்டும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை, அங்கே ஐரோப்பியர்களின் வரலாறு மட்டுமே இருந்தது, மற்றதெல்லாம் இருள். அவர் பேசிய காலத்தில் கானா விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆப்பிரிக்க வரலாற்றுக்கான ஆய்விதழ் ஒன்று இங்கிலாந்திலேயே 1960 முதல் வெளிவந்துகொண்டிருந்தது. ஆகவே அவர் கூற்றை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எழுத்து ஆவணம் மட்டுமே சான்று, அரசுகளின் முன்னேற்றம் மட்டுமே வரலாறு என்ற வரையறை அவருடையது. அந்த வரையறைக்குள் நின்றால் அவர் முடிவு சரிதான். ஆப்பிரிக்க வரலாற்றாய்வு எழ வேண்டுமானால் முதலில் சான்று என்பதன் வரையறையே மாற வேண்டியிருந்தது.

அந்தப் பழைய வரையறைக்கு நிர்வாகப் பயனும் இருந்தது. இதற்குக் கிரேட் ஸிம்பாப்வேயைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. சாந்து இல்லாமல் கருங்கல் துண்டுகளை அடுக்கிக் கட்டிய அந்த மதில்கள், ஷோனா மக்களின் முன்னோர்கள் 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுப்பியவை. 1871இல் அங்கு சென்ற ஜெர்மானியப் பயணி கார்ல் மௌக், அதை ஷீபா அரசியோடு தொடர்புபடுத்தினார். 1890இல் செசில் ரோட்ஸின் கம்பெனி அந்த நிலத்தைப் பிடித்தபோது இந்தக் கதை அதற்கு வசதியாக அமைந்தது. பழங்காலத்தில் வெளியார் ஆண்ட மண்ணை வெளியார் மறுபடி எடுத்துக்கொள்வதில் என்ன தவறு என்று வாதிடலாம் அல்லவா? 1902இல் அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக அமர்ந்த ரிச்சர்ட் ஹால், பிற்காலக் கறுப்பர்களின் குப்பை என்று கருதி மண்ணடுக்குகளை வெட்டி எறிந்தார். காலக்கணிப்புக்கு உரிய சான்றுகளில் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்தது. எஞ்சிய அடுக்குகளை 1905இல் ஆராய்ந்த டேவிட் ரேண்டல்-மக்கீவர், கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று அறிவித்தார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தனி அகழாய்வு நடத்தி அதை உறுதிப்படுத்தினார். தொல்லியல் உலகில் வழக்கு அத்தோடு முடிந்தது. அந்த நிலத்தில் உருவான ரொடீஷியக் காலனியின் அரசியலில் முடியவில்லை. 1965இல் தன்னிச்சையாக விடுதலை அறிவித்த வெள்ளைச் சிறுபான்மை அரசு, அரசு வெளியீடுகளில் இந்த முடிவை மழுப்பும்படி வற்புறுத்தியது. நினைவுச் சின்னங்களின் மூத்த ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே வெளியேறினார். பத்தாண்டுகள் கழித்து விடுதலை பெற்ற நாடு அந்த இடிபாட்டின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அங்கே கிடைத்த சோப்புக்கல் பறவை தேசியக் கொடியில் ஏறியது.

படைத்தவர்களையே மறுக்கும் இந்தப் போக்கு தனியொரு விபத்தும் அன்று. நைஜீரியாவின் இஃபே நகரத்துச் சிற்பத் தலைகளை 1910இல் கண்ட லியோ ஃப்ரோபீனியஸ், அவற்றின் அழகுக்குக் காரணம் தேடி அட்லாண்டிஸ் வரை போனார். எதிரே நின்ற யோருபா மக்களின் முன்னோர்கள் செய்திருப்பார்கள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்கு வருமுன்பே ஆப்பிரிக்கர்கள் தங்கள் வரலாற்றை எழுதத் தொடங்கிவிட்டார்கள். கோல்டு கோஸ்ட்டை (இன்றைய கானா) சேர்ந்த போதகர் கார்ல் ரைண்டார்ஃப் இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1895இல் வந்தது. புகாண்டாவின் முதலமைச்சர் அப்போலோ கக்வா தம் நாட்டு மன்னர்களின் வரலாற்றை லுகாண்டா மொழியிலேயே 1901இல் வெளியிட்டார். யோருபாக்களின் வரலாற்றை எழுதிய சாமுவேல் ஜான்சனின் கதை துயரமானது. 1897இல் முடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் படி தொலைந்துபோயிற்று. 1901இல் அவர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு தம்பி ஒபதையா மீண்டும் தொகுத்தார். நூல் அச்சானது 1921இல். இவர்களிடம் சாய்வு இல்லாமல் இல்லை. ஜான்சன் ஓயோ அரசின் கண்ணால் எல்லா யோருபாக்களையும் பார்த்தார். கக்வா அரண்மனை அரசியலில் ஒரு தரப்பு. ஆனாலும் பின்னாளில் வந்த தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் பலர் இவர்களைப் போன்றோரின் தோளில் ஏறியே எட்டிப் பார்த்தார்கள்.

அந்தத் தொழில்முறைக்கு அடித்தளமிட்டவர் கென்னத் ஒன்வுகா டைக்கே. லண்டனில் 1950இல் முனைவர் பட்டம் பெற்று, அந்த ஆய்வை 1956இல் நூலாக்கினார். 1830 முதல் 1885 வரை நைஜர் கழிமுகத்தில் நடந்த வணிகமும் அரசியலும் அதன் பொருள். பனையெண்ணெய் வணிகத்தைக் கழிமுகத்து நகரரசுகள் தங்கள் பிடியில் வைத்திருந்ததையும், ஐரோப்பியக் கப்பல்கள் அவற்றுக்குக் கடன் கொடுத்துக் காத்துக் கிடந்ததையும், ஒபோபோவின் ஜாஜா போன்ற மன்னர்களை நாடுகடத்திய பிறகே பிரிட்டன் உள்நாட்டுக்குள் நுழைய முடிந்ததையும் அது காட்டியது. சான்றுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் தூதரகக் கடிதங்கள்தாம். அதே காகிதங்களை வேறு கேள்வியோடு படித்ததில் வேறு வரலாறு வெளிவந்தது. டைக்கே இத்தோடு நிற்கவில்லை. மாவட்ட அலுவலகங்களின் கொட்டடிகளில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த கோப்புகளைத் திரட்டி நைஜீரியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தை உருவாக்கினார். ஒரு நூலைவிட இந்த வேலையே நீடித்து நின்றது என்று துணிந்து சொல்லலாம்.

இபாதான் பல்கலைக்கழகத்தில் அவரைச் சுற்றி உருவான குழுவில் முதன்மையானவர் ஜே. எஃப். அடே அஜாயி. பல்லாயிரம் ஆண்டு வரலாற்றில் காலனியாட்சி ஓர் இடைக்கால நிகழ்வு மட்டுமே, அதற்கு முன்னும் பின்னும் ஓடும் தொடர்ச்சியே முக்கியம் என்பது அஜாயியின் புகழ்பெற்ற வாதம். அறுபதுகளின் நம்பிக்கைக்கு அது பொருந்தியது. பொருளாதாரத்தையும் நிலவுடைமையையும் எல்லைகளையும் அறுபது எழுபது ஆண்டுகளில் புரட்டிப்போட்ட ஒன்றை இடைநிகழ்வு என்று சொன்னது மிகை என்பதைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினார்கள். இபாதான் குழு மன்னர்களையும் போதகர்களையும் வணிகப் பிரபுக்களையும் எழுதிய அளவுக்கு உழவர்களையும் பெண்களையும் எழுதவில்லை என்ற குறையும் உண்மையே. தேசம் ஒன்றுதான் என்று நிறுவ முயன்ற அந்தக் குழுவையே 1967இல் வெடித்த பயாஃப்ரா போர் இரண்டாக்கியது. இபாதானின் துணைவேந்தராக இருந்த டைக்கே, இக்போ இனத்தவர் என்ற நிலையில் அங்கிருந்து விலகி, பயாஃப்ராவின் தூதராக நாடு நாடாகச் சென்றார்.

எழுத்து இல்லாத இடத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு முறையான விடை தந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த யான் வன்சினா. இடைக்கால ஐரோப்பிய வரலாற்றில் பயின்ற அவர், 1950களில் காங்கோவின் கூபா மக்களிடையே களப்பணி செய்தார். வாய்மொழி மரபும் கையெழுத்துச் சுவடியைப் போலவே படியெடுக்கப்பட்டு வருவதுதான் என்பது அவருடைய கண்டறிதல். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், எந்தச் சடங்கில் சொல்லப்படுகிறது, சொல் மாறாமல் ஓத வேண்டிய வடிவமா, விருப்பம்போல் நீட்டிச் சொல்லும் கதையா, வெவ்வேறு கிளைகளின் வடிவங்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று அடுக்கடுக்காகச் சோதிக்க அவர் வழி வகுத்தார். 1961இல் பிரெஞ்சில் வந்த அவருடைய நூல் ஒரு தலைமுறைக்கே கையேடானது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கினியாவின் ஜிப்ரில் தம்சீர் நியான், மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாட்டாவின் கதையை மமது குயாட்டே என்ற பரம்பரைப் பாணர் சொல்லக் கேட்டு நூலாக்கியிருந்தார். கென்யாவின் பெத்வெல் ஓகாட், லுவோ மக்களின் இடப்பெயர்ச்சியை வாய்மொழிச் சான்றுகளைக் கொண்டே எழுதி 1967இல் வெளியிட்டார்.

உற்சாகம் அடங்கியதும் ஐயங்கள் எழுந்தன. 1974இல் டேவிட் ஹெனிஜே, மன்னர் பட்டியல்களைத் தலைமுறைக் கணக்கால் ஆண்டுகளாக மாற்றும் முறையைக் கடுமையாகத் தாக்கினார். உகாண்டாவில் பிஹார்வே என்னுமிடத்தில் ஒரு போரின்போது சூரியன் மறைந்ததாகச் சொல்லப்படும் மரபை 1520ஆம் ஆண்டுக் கிரகணத்தோடு பொருத்தி, அதிலிருந்து பல அரசுகளின் காலவரிசையையே கட்டியிருந்தார்கள். ஓர் ஆணி ஆடினால் முழுச் சட்டகமும் ஆடும் நிலை அது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உள்ளூர்த் தலைவர்கள் வழியே நடந்த பிரிட்டிஷ் மறைமுக ஆட்சியில் பதவியும் நிலமும் வம்சத்தின் பழமையைப் பொறுத்துக் கிடைத்தன. பட்டியல் நீளமாக இருப்பதில் ஆதாயம் இருந்தது. மேலும் ரைண்டார்ஃப், கக்வா போன்றோரின் அச்சு நூல்களைப் படித்தவர்கள் அவற்றையே பாட்டன் சொன்னதாகத் திருப்பிச் சொல்வதும் நடந்தது. வன்சினாவும் தம் நிலைப்பாட்டைத் தளர்த்தி 1985இல் நூலைப் புதிதாகவே எழுதினார். இன்று வாய்மொழி மரபைத் தனித்துச் சான்றாகக் கொள்வோர் குறைவு. தொல்லியல், ஒப்பியல் மொழியியல், பயிர்களின் பரவல் ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்கிறார்கள். பன்டு மொழிகளின் பரவலை மீட்டெடுத்தது இந்தக் கூட்டு முறைதான்.

ஆப்பிரிக்காவில் எழுத்தே இல்லை என்பதும் பாதிப் பொய். திம்புக்டுவில் 17ஆம் நூற்றாண்டில் அல்-சாதி அரபியில் எழுதிய சூடான் வரலாறு சொங்காய்ப் பேரரசைப் பற்றிய முதன்மை நூல். ஹவுசா, ஃபுலானி, சுவாஹிலி முதலிய மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் அஜமி மரபு பரந்து கிடந்தது. காயல்பட்டினத்தின், கீழக்கரையின் அரபுத்தமிழ் ஏடுகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பாக இராது. சொகோட்டோவின் நானா அஸ்மாவு (1793–1864) மூன்று மொழிகளில் செய்யுள் இயற்றி, அவற்றை மனப்பாடம் செய்த ஆசிரியைகளை ஊர் ஊராக அனுப்பிப் பெண்களுக்குக் கல்வி அளித்தார். காலனி நிர்வாகம் அரபு எழுத்தை ஓரங்கட்டி ரோமன் எழுத்தைப் புகுத்தியபோது, படித்தவர்களே ஒரே தலைமுறையில் எழுத்தறியாதவர்கள் கணக்கில் சேர்ந்தார்கள். 2012இல் ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவைப் பிடித்தபோது, அப்தெல் காதர் ஹைதராவும் நகரத்துக் குடும்பங்களும் லட்சக்கணக்கான ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்துத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்னும் பதிப்பிக்கப்படவில்லை.

தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம் வேறு திசையில் சென்றது. ஜெர்மானிய ஆட்சியின் கட்டாயப் பருத்திச் சாகுபடியை எதிர்த்து 1905 முதல் 1907 வரை நடந்த மாஜி மாஜி எழுச்சியைப் பற்றி, 1968இல் மாணவர்களே ஊர்களுக்குச் சென்று முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். பல இனங்கள் ஒன்றுபட்டு நடத்திய முதல் தேசியப் போர் என்று அதற்கு அன்று பொருள் சொல்லப்பட்டது. அதே பதிவுகளைப் பின்னர் படித்தவர்கள் யானை வேட்டை உரிமை, காட்டுச் சட்டங்கள், உள்ளூர்த் தலைவர்களின் பகை என்று வட்டாரக் காரணங்கள் பலவற்றைக் கண்டார்கள். மாணவர்களின் நாட்டுப்பற்றான விளக்கம் தேய்ந்துவிட்டது, அவர்கள் திரட்டிய பதிவுகள் பயன்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அதே வளாகத்தில் பாடம் நடத்திய கயானாக்காரர் வால்டர் ராட்னி, ஐரோப்பாவின் செழிப்பும் ஆப்பிரிக்காவின் வறுமையும் ஒரே இயக்கத்தின் இரு விளைவுகள் என்று 1972இல் எழுதினார். விவரங்களில் அந்நூல் அவசரமானது. ஆனால் அது எழுப்பிய கேள்வியை யாரும் தவிர்க்க முடியவில்லை. ராட்னி 1980இல் ஜார்ஜ்டவுனில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்.

பண்பாட்டுத் துறையில் இதற்கு இணையான நிகழ்வு நைரோபியில் 1968இல் நடந்தது. கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவுவோர்-அன்யும்பா, தபான் லோ லியோங் மூவரும் ஆங்கிலத் துறையைக் கலைத்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தையும் வாய்மொழி இலக்கியத்தையும் மையத்தில் வைக்கும் துறையை அமைக்கக் கோரினார்கள். கோரிக்கை பெரும்பாலும் நிறைவேறியது. கூகி ஒரு படி மேலே போய் கிகூயு மொழியில் நாடகம் எழுதி உழவர்களைக் கொண்டு மேடையேற்றியதும், ஆங்கிலத்தில் எழுதியவரைச் சகித்துக்கொண்ட சுதந்திர கென்யாவின் அரசு 1977 இறுதியில் அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது.

இந்த முயற்சிகளை ஒரே இடத்தில் திரட்டியது யுனெஸ்கோ. 1964இல் திட்டமிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகளாக 1981 முதல் வெளிவந்தது. பொறுப்பேற்ற 39 பேர் குழுவில் மூன்றில் இரு பங்கினர் ஆப்பிரிக்கர்கள். பழைய எகிப்தியர்கள் யார் என்பதைப் பற்றி 1974இல் கெய்ரோவில் நடந்த கருத்தரங்கில், செனகலின் சேக் அன்டா டியோப் அவர்கள் கறுப்பின மக்களே என்று வாதிட்டார். மற்ற அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. டியோப்பின் கட்டுரையை ஒரு தொகுதியின் முதல் இயலாக அச்சிட்டு, இது எல்லோரும் ஏற்ற கருத்தன்று என்ற பதிப்பாசிரியர் குறிப்பையும் சேர்த்தார்கள். குழு எழுதும் வரலாற்றின் பலமும் பலவீனமும் அந்த ஒரு குறிப்பிலேயே தெரியும்.

எண்பதுகளில் ஆய்வு தன் மீதே திரும்பியது. பழமையான ஆப்பிரிக்க வழக்கம் என்று ஏடுகளில் பதிவானவற்றில் பல, காலனி நீதிமன்றங்களும் தலைவர்களும் சேர்ந்து இறுக்கிக் கட்டியவை என்று டெரன்ஸ் ரேஞ்சர் 1983இல் காட்டினார். பின்னர் அவரே, மக்கள் வெறுமனே ஏற்றுக்கொள்ளவில்லை, தாங்களும் கற்பனை செய்தார்கள் என்று திருத்தினார். ருவாண்டா இதன் கொடிய சாட்சி. ஹுட்டு, டுட்சி என்ற, இடம் மாறக்கூடிய சமூக நிலைகளை 1930களில் பெல்ஜிய நிர்வாகம் அடையாள அட்டையில் இனமாகப் பொறித்தது. டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த மேலான இனம் என்ற வரலாற்றுக் கதை பள்ளியில் கற்பிக்கப்பட்டது. 1994 படுகொலையில் சாலைத் தடுப்புகளில் சரிபார்க்கப்பட்டது அதே அட்டை. தவறான வரலாற்றுக்கு இத்தனை உயிர்கள் விலையான இடம் குறைவு.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் கணக்கும் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1969இல் பிலிப் கர்ட்டின் முறையாக எண்ணத் தொடங்கினார். இன்று சுமார் 36,000 கப்பல் பயணங்களின் தரவுத்தளம், ஏற்றப்பட்டோர் சுமார் 1.25 கோடி, உயிரோடு கரை சேர்ந்தோர் 1.07 கோடி என்று மதிப்பிடுகிறது.

மூலச் சான்றுகள் இருக்கும் இடம் இன்னும் தீராத சிக்கல். காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக ஆண்ட லியோபோல்டு மன்னர், 1908இல் அதை பெல்ஜியத்திடம் ஒப்படைக்குமுன் ஆவணங்களைக் கொளுத்தச் செய்தார். பிரெஞ்சு அல்ஜீரியாவின் கோப்புகள் கப்பலேறி எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் உள்ளன. அல்ஜீரியா திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிரிட்டன் வெளியேறும்போது அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளை எரிக்கவோ தாயகத்துக்கு அனுப்பவோ கட்டளையிட்டது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் எழுச்சியின்போது முகாம்களில் வதைக்கப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில்தான், அப்படி அனுப்பியவை ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் இருப்பது 2011இல் வெளிவந்தது. 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. இலங்கை, மலாயாக் கோப்புகளும் அவற்றில் உண்டு. 2013இல் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு தர உடன்பட்டது. இந்த முகாம்களைப் பற்றிக் கரோலின் எல்கின்ஸ் 2005இல் பெரிதும் வாய்மொழிச் சான்றை நம்பி எழுதிய நூலை மிகை என்று சாடியவர்கள் பலர். கோப்புகள் வெளிவந்தபின், வதை முறைப்படி நடந்தது என்ற அளவில் அவர் சொன்னது நின்றது. இறந்தோர் எண்ணிக்கை பற்றிய சர்ச்சை மட்டும் தொடர்கிறது.

காகிதத்தைப் போலவே பொருள்களும். இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தை 1897இல் எரித்த பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான பித்தளை, தந்தச் சிற்பங்களை எடுத்துச் சென்றது. ஒருகாலத்தில் அரண்மனைத் தூண்களில் வரிசையாக நின்று அரசின் நிகழ்ச்சிகளைச் சொன்ன தகடுகள், தனித்தனிக் கலைப்பொருள்களாகப் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் சிதறின. வரிசை மீளவே இல்லை. ஃபெல்வின் சார், பெனடிக்ட் சவாய் இருவரும் 2018இல் பிரெஞ்சு அரசுக்குத் தந்த அறிக்கைக்குப் பிறகு நிலைமை அசைந்தது. 2021இல் பிரான்ஸ் 26 பொருள்களைப் பெனின் குடியரசுக்குத் தந்தது (முன் சொன்ன பெனின் நகரம் வேறு, இந்தக் குடியரசு வேறு). 2022இல் ஜெர்மனி பெனின் நகரத்துச் சிற்பங்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கைவிரிக்கிறது. 2023இல் வந்த வேதிப் பகுப்பாய்வு, பல சிற்பங்களின் பித்தளை ஜெர்மனியின் ரைன்லாந்திலிருந்து வந்த மனிலா காப்புகள் என்றது. அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட காப்புகள் அவை. விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இதில் பங்கில்லையா என்ற கேள்வி அமெரிக்காவிலிருந்து எழுந்திருக்கிறது. எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று அது.

சான்றுகள் மட்டுமல்ல, அவற்றைப் படிப்பவர்களும் வெளியே போனார்கள். எண்பதுகளில் அரசுகளுக்குக் கடன் கொடுத்த நிறுவனங்கள் விதித்த சிக்கனத்தால் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் நலிந்து, அறிஞர்கள் பலர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்தார்கள். துறையின் முன்னணி ஆய்விதழ்கள் இன்றும் அங்கிருந்தே வெளிவருகின்றன. பழியை முழுவதும் வெளியே தள்ளவும் முடியாது. டைக்கே காப்பகம் கட்டிய நைஜீரியாவிலேயே, 2009 வாக்கில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து வரலாறு என்ற தனிப் பாடம் நீக்கப்பட்டது. அதை மீண்டும் சேர்க்கக் கிட்டத்தட்டப் பத்தாண்டு ஆயிற்று.